படுத்த நேரமும் தூங்கிய நேரமும்: வளரிளம் பருவத்தினரின் தூக்கத் தரத்தை அளப்பது எப்படி?

தமிழில் படுப்பது வேறு, தூங்குவது வேறு. ‘பத்து மணிக்கே படுத்துவிட்டேன், தூக்கம்தான் வரவில்லை’ என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறோம். அசந்து தூங்கியதையும், இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்ததையும், பேருந்தில் போட்ட கோழித்தூக்கத்தையும் தனித்தனியாகப் பெயரிட்டுப் பேசுகிறோம். தூக்க ஆய்வாளர்கள் ‘தூக்கத்தின் தரம்’ என்று குறிப்பிடுவது ஏறத்தாழ இதைத்தான்: எத்தனை மணி நேரம் என்பதோடு நின்றுவிடாமல், அந்த நேரம் எப்படிக் கழிந்தது என்றும் பார்ப்பது. கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கருத்தை எண்ணாக மாற்ற முற்படும்போது சிக்கல் தொடங்குகிறது. அளக்கப்படுவோர் பதின்வயதுப் பிள்ளைகளாகவும், அதிலும் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கும்போது, அளக்கும் கருவி யாருடைய வீட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. இக்கட்டுரை பெரிதும் அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில், தரம் என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று பார்க்கலாம். படுத்தபின் தூக்கம் வருவதற்கு எடுக்கும் நேரம், இடையில் எத்தனை முறை விழிப்பு வந்தது, அப்படி விழித்துக் கிடந்த மொத்த நேரம், படுக்கையில் கழித்த நேரத்தில் உண்மையில் தூங்கியது எத்தனை விழுக்காடு ஆகிய நான்கும் பொதுவாக எண்ணப்படுபவை. நான்காவதற்குத் தூக்கத் திறன் என்று பெயர். அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை கூட்டிய வல்லுநர் குழு 2017-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 30 நிமிடத்துக்குள் தூக்கம் வருவதும், 5 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் விழிப்பு ஓர் இரவில் ஒன்றுக்கு மேல் இல்லாதிருப்பதும், இடையில் விழித்திருந்த நேரம் 20 நிமிடத்தைத் தாண்டாதிருப்பதும், தூக்கத் திறன் 85 விழுக்காட்டுக்குக் குறையாதிருப்பதும் நல்ல தூக்கத்தின் அடையாளங்கள். இவற்றோடு, காலையில் எழுந்தவருக்குத் தாம் நன்றாகத் தூங்கியதாகத் தோன்றுகிறதா என்பதும் தரத்தின் ஒரு பகுதியே. அந்த ஐந்தாவதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அவரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

வளரிளம் பருவத்தினரைத் தனியாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்காடன் 1970-களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டில் கோடைக்கால முகாம் ஒன்றை ஆண்டுதோறும் நடத்தி, பிள்ளைகளுக்கு இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்க வாய்ப்பளித்து, அவர்களின் தூக்கத்தை அளந்தார். வயது ஏற ஏறத் தூக்கத் தேவை குறையும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. ஆனால் பருவமடைதலின் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் பிள்ளைகள் ஏறத்தாழ ஒன்பதேகால் மணி நேரம் தூங்கினார்கள். குறைவது தேவையன்று, உடலின் உட்கடிகாரம் பின்தள்ளிப் போவதால் தூக்கம் வரும் நேரம்தான் தாமதமாகிறது, பள்ளி மணியோ காத்திருப்பதில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வரையறுத்தது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015-இல் உயர்நிலைப் பள்ளி மாணவரிடையே நடத்திய கணக்கெடுப்பில், பள்ளி நாள் இரவுகளில் 8 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குவதாகச் சொன்னவர்கள் 72.7 விழுக்காட்டினர்.

அளப்பதற்குப் பரவலாக உள்ள வழிகள் மூன்று: ஆய்வகத்தில் படுக்கவைத்துப் பார்ப்பது, மணிக்கட்டில் கருவி கட்டிப் பார்ப்பது, வாயால் கேட்பது. ஆய்வகச் சோதனைக்குப் பாலிசோம்னோகிராஃபி என்று பெயர். தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை மின்னலைகளையும், கண்ணோரம் ஒட்டி விழியசைவையும், தாடையில் ஒட்டித் தசை இறுக்கத்தையும் இரவு முழுவதும் பதிவுசெய்து, 30 நொடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எந்த நிலைத் தூக்கம் என்று குறிப்பார்கள். துல்லியத்தில் இதற்கு இணை இல்லை என்றாலும், இது செலவு மிகுந்தது. அறிமுகமில்லாத அறையில் ஒட்டுக்கம்பிகளோடு கழியும் ஓர் இரவு, அந்தப் பிள்ளையின் வழக்கமான இரவும் அன்று. தெருச் சத்தமும், தம்பியின் உதையும், மின்விசிறி நின்றுபோன புழுக்கமும் ஆய்வகத்துக்குள் வருவதில்லை. அவைதாம் தூக்கத்தைக் கெடுக்கின்றன என்றால், துல்லியமான கருவி கெடாத தூக்கத்தைத் துல்லியமாக அளந்து தந்துவிடும்.

கருவிகள் எல்லா உடல்களுக்கும் ஒன்றுபோலப் பொருந்துவதும் இல்லை. தலையில் ஒட்டும் மின்முனை தோலோடு நெருங்கிப் படிந்தால்தான் சைகை தெளிவாக வரும். அடர்ந்து சுருண்ட முடியின் மேல் அது நிற்காமல் தூக்கிக்கொள்ளும். இதனால் கறுப்பின மக்களின் பதிவுகள் தரம் குறைந்து வருவதும், சில ஆய்வுகளிலிருந்து அவர்கள் விடுபட்டுப்போவதும் நிகழ்ந்திருக்கின்றன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆர்னெல் எட்டியென், முடியைத் தலையோடு ஒட்டி வரிசை வரிசையாகப் பின்னி, அந்த வரிசைகளுக்கு இடையில் செருகி நிற்கும் மின்முனை இடுக்கிகளை வடிவமைத்து, ஹெய்ட்டி கிரியோல் மொழியில் மூளையைக் குறிக்கும் ‘செவோ’ என்ற சொல்லை அவற்றுக்குப் பெயராக வைத்தார். மூச்சுத்திணறலைக் கண்டறிய விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் கதையும் இத்தகையதே: ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறிய நிகழ்வுகள் வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020-இல் வெளியிட்டார்கள்.

இரண்டாவது வழி ஆக்டிகிராஃபி. கைக்கடிகாரம் போன்ற கருவிக்குள் ஒரு முடுக்கமானி இருக்கும். கை அசைந்தால் விழிப்பு, அசையாவிட்டால் தூக்கம் என்ற எளிய அடிப்படையில், நிமிடத்துக்கு நிமிடம் அது கணக்கிடும். ஆய்வகத்துக்கு வர வேண்டியதில்லை, வீட்டிலேயே ஒரு வாரம், இரண்டு வாரம் கட்டிக்கொண்டு படுக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. வளரிளம் பருவத்தினரைப் பொறுத்தவரை, நம்பத்தக்க சராசரி கிடைக்கக் குறைந்தது ஐந்து இரவுகளின் நல்ல பதிவு வேண்டும் என்று 1999-இலேயே காட்டப்பட்டுவிட்டது. இதன் பலவீனமும் அதே எளிமையில்தான் இருக்கிறது. தூங்குபவரைத் தூங்குகிறார் என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லும் இக்கருவி, அசையாமல் விழித்துக் கிடப்பவரையும் தூங்குவதாகவே எண்ணிக்கொள்ளும். பக்கத்து அறையின் சண்டையைக் கேட்டுக்கொண்டு, மூச்சு விடும் சத்தம்கூட வெளியே தெரியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பதினான்கு வயதுப் பெண் அதன் கணக்கில் நிம்மதியாகத் தூங்குகிறாள். ஒரே மெத்தையில் உடன்படுக்கும் தங்கை புரளும்போது ஏற்படும் அசைவோ, தூங்குகிற அக்காவின் விழிப்பாகப் பதிவாகிவிடக்கூடும்.

மூன்றாவது வழி கேட்பது. செலவு குறைவு, ஒரு வகுப்பறையில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே பெரும்பாலான ஆய்வுகள் வினாநிரலையே நம்பியிருக்கின்றன. அவற்றுள் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீடு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் டேனியல் பைசியும் உடனாய்வாளர்களும் 1989-இல் வெளியிட்ட இது, கடந்த ஒரு மாதத்தைப் பற்றிய 19 கேள்விகளுக்கான விடைகளை ஏழு கூறுகளாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தருகிறது. மொத்தம் 21. ஐந்துக்கு மேல் போனால் தூக்கத்தின் தரம் மோசம் என்று பொருள். பள்ளித் தேர்வைப் போலன்றி, இங்கே சுழியம் வாங்குபவரே முதல் மாணவர். பெரியவர்களின் தூக்கக் கோளாறுகளைக் கண்டறிவதற்காக உருவான இக்குறியீடு, பின்னர் கல்லூரி மாணவர், பள்ளி மாணவர், சிறுவர் என்று கீழிறங்கி வந்தது. சற்று நெருங்கிப் பார்த்தால், அந்தப் பயணத்தில் என்னென்ன இடறுகின்றன என்று விளங்கும்.

தூக்க நேரம் என்ற கூறையே எடுத்துக்கொள்வோம். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்குபவருக்கு இக்குறியீடு சுழியம் தருகிறது, அதாவது குறையே இல்லை என்கிறது. 8 மணி நேரமாவது தூங்க வேண்டிய பதினைந்து வயதுப் பையன் ஏழேகால் மணி நேரம் தூங்கினால், அவனும் குறையற்றவனாகவே பதிவாவான். பகல்நேரத் தூக்கக் கலக்கத்தைப் பற்றிய கேள்வி, வண்டி ஓட்டும்போதோ சாப்பிடும்போதோ பிறரோடு பழகும்போதோ விழித்திருக்கச் சிரமப்பட்டதுண்டா என்று வினவுகிறது; வண்டி ஓட்டும் வயது வராதவன், வந்தும் வண்டி இல்லாதவன் இதற்கு என்ன விடை தருவான்? தூக்க மாத்திரை எடுத்ததுண்டா என்ற கேள்விக்குப் பெரும்பாலான பிள்ளைகள் இல்லை என்றே எழுதுவார்கள் என்பதால், ஏழில் ஒரு கூறு யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாமல் சும்மா இருந்துவிடுகிறது. உடன்படுப்பவரிடம் கேட்பதற்காக ஐந்து கேள்விகள் தனியாக உண்டு, ஆனால் அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. தூக்கம் கெட்டதற்கான காரணங்களாகக் கழிவறைக்கு எழுந்தது, இருமல் அல்லது குறட்டை, மூச்சுத் தடை, குளிர், சூடு, கெட்ட கனவு, வலி ஆகியவை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. சத்தம் அந்தப் பட்டியலில் இல்லை. இரவு முழுவதும் ரயிலும் போலீஸ் வண்டியும் போகும் தெருவில் வாழ்பவர், ‘பிற காரணங்கள்’ என்று விடப்பட்ட கோட்டில் அதைத் தானாக நினைத்து எழுத வேண்டும்.

இவற்றைவிட நுட்பமான சிக்கல் தூக்கத் திறனில் இருக்கிறது. எத்தனை மணிக்குப் படுக்கைக்குப் போவீர்கள், எத்தனை மணிக்கு எழுவீர்கள், எத்தனை மணி நேரம் உண்மையில் தூங்குவீர்கள் என்று கேட்டு, தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்து இது கணக்கிடப்படுகிறது. நியூயார்க்கில் ஒற்றைப் படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அறையில் தாயும் இரு சிறு பிள்ளைகளும். கூடத்துச் சோஃபாவில் மூத்த பையன். அவன் இரவு 10 மணியிலிருந்து அந்தச் சோஃபாவில்தான் இருக்கிறான்: வீட்டுப்பாடம், தொலைபேசி, மாமா பார்க்கும் தொலைக்காட்சி எல்லாம் அங்கேதான். தொலைக்காட்சி 11.45-க்கு அணைகிறது, அவன் 12.15-க்குத் தூங்குகிறான், இடையில் 15 நிமிடம் விழித்து, 5.30-க்கு எழுகிறான். தூங்கியது 5 மணி நேரம். ‘படுக்கைக்குப் போனது’ 10 மணி என்று எழுதினால், ஏழரை மணி நேரத்தில் 5 மணி நேரம்; திறன் 67 விழுக்காடு; மதிப்பெண் 2. விளக்கு அணைந்ததே படுக்கை நேரம் என்று எண்ணி 11.45 என்று எழுதினால், ஐந்தே முக்கால் மணி நேரத்தில் 5 மணி நேரம், திறன் 87 விழுக்காடு, மதிப்பெண் சுழியம். இரவு ஒன்று, பையன் ஒருவன், விடைகள் இரண்டும் நேர்மையானவை. தனியறையும் கட்டிலும் உள்ள வீட்டில் இந்தக் குழப்பம் எழவே வாய்ப்பில்லை; ஏனென்றால் அங்கே கட்டிலை நோக்கி நடந்து போவதே ஒரு நிகழ்வு. ‘படுக்கைக்குப் போவது’ என்ற தொடருக்குள் ஒரு வீட்டின் வரைபடம் ஒளிந்திருக்கிறது. (பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையிருக்காது: எங்கள் வீட்டில் கடைசி ஆள் சாப்பிட்டு முடித்துக் கூடம் காலியாகும் வரை யாருக்கும் படுக்கை என்பதே கிடையாது.)

வளரிளம் பருவத்தினருக்கென்றே தனிக் கருவிகள் பின்னர் வந்தன. ஆமி வுல்ஃப்சனும் கார்ஸ்காடனும் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் நடத்தி 1998-இல் வெளியிட்ட பள்ளித் தூக்கப் பழக்க ஆய்வு, பள்ளி நாளையும் விடுமுறை நாளையும் தனித்தனியே கேட்டது. இந்த வயதில் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே பெரிய செய்தி என்பதால் அது முக்கியமான திருத்தம். மோனிக் லெபூர்ஷ்வாவும் உடனாய்வாளர்களும் 2005-இல் இத்தாலிய, அமெரிக்கப் பிள்ளைகளிடையே பயன்படுத்திய வளரிளம் பருவத் தூக்க-விழிப்பு அளவுகோல் 28 கூற்றுகளைக் கொண்டது. படுக்கப் போவது, தூங்கத் தொடங்குவது, தூக்கம் நீடிப்பது, விழித்தபின் மறுபடி தூங்குவது, காலையில் விழிப்புக்குத் திரும்புவது என்று ஐந்து கூறுகளாகத் தரத்தைப் பிரித்துப் பார்க்கிறது. நோயைத் தேடாமல் நடத்தையைப் பார்ப்பது இதன் நல்ல குணம். ஆனாலும், படுக்கப் போகும் நேரம் வந்ததும் பிள்ளை முரண்டு பிடிக்காமல் போகிறதா என்பதைத் தரத்தின் ஒரு கூறாக எடுத்துக்கொள்ளும்போது, படுக்கும் நேரம் என்று ஒன்றை நிர்ணயித்து, அதைச் சொல்வதற்கு இரவில் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவரை அது முன்னமே ஊகித்துக்கொள்கிறது. தாய் இரவுப் பணிக்குப் போய்விட, தம்பி தங்கைகளைத் தூங்கவைத்த பிறகே தான் படுக்கும் மூத்த பெண்ணின் தாமதத்துக்குப் பெயர் முரண்டு அன்று.

இங்கேதான் அளவியலின் மூன்று அடிப்படைக் கருத்துகள் தேவைப்படுகின்றன. முதலாவது நம்பகத்தன்மை: ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளந்தால் ஏறத்தாழ ஒரே விடை வர வேண்டும், ஒரே கருத்தைத் தொடும் கேள்விகளுக்கான விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இந்த ஒத்திசைவைக் காட்ட, லீ கிரான்பாக் 1951-இல் விளக்கிய ஆல்ஃபா என்ற எண்ணைப் பயன்படுத்துவார்கள், 0.70-க்கு மேல் இருந்தால் போதுமானது என்பது வழக்கமான கணக்கு. இரண்டாவது ஏற்புடைமை: கருவி எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைத்தான் அளக்கிறதா என்ற கேள்வி. எடை இயந்திரம் தினமும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டினால் அதற்கு நம்பகத்தன்மை உண்டு, ஏற்புடைமை இல்லை. தூக்க வினாநிரலின் ஏற்புடைமையைப் பார்க்க, அதன் மதிப்பெண்ணை அதே பிள்ளைகளின் தூக்க நாட்குறிப்போடும் மணிக்கட்டுக் கருவியின் பதிவோடும் ஒப்பிடுவார்கள். பகல் சோர்வு, மனச்சோர்வு முதலியவற்றோடு எதிர்பார்த்த அளவு தொடர்பு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

மூன்றாவதுதான் இங்கே மையமானது, பொதுவாகக் கவனிக்கப்படாமல் போவதும் அதுவே. ஒரு கருவி இரண்டு குழுக்களிடமும் ஒரே பொருளை ஒரே அளவில் அளக்கிறதா? இதற்கு அளவீட்டு மாறாமை என்று பெயர் சூட்டலாம். இதைப் படிப்படியாகச் சோதிப்பார்கள். முதல் படியில், கேள்விகள் இரு குழுவிலும் ஒரே விதமாகக் கொத்துக் கொத்தாகச் சேர்கின்றனவா என்று பார்ப்பது. ஓரிடத்தில் ‘இரவில் விழிப்பு’ தூக்கப் பிரச்சினைகளோடு சேர்ந்து நிற்க, வேறிடத்தில் அது வீட்டு நெரிசலோடு சேர்ந்து நின்றால், அப்போதே கணக்கு கெட்டுவிடும். அடுத்த படியில், ஒவ்வொரு கேள்வியும் தரம் என்ற கருத்தோடு இரு குழுவிலும் ஒரே வலுவில் பிணைந்திருக்கிறதா என்பது. அதற்கும் அடுத்த படியில், உண்மையில் ஒரே தரத்தில் தூங்கும் இரு பிள்ளைகள், எந்தக் குழுவைச் சேர்ந்தவர்களானாலும், அந்தக் கேள்விக்கு ஒரே மாதிரி விடை தருவார்களா என்பது. ‘அறை அதிகக் குளிராக இருந்ததால் தூக்கம் கெட்டது’ என்ற கேள்வி எளிய எடுத்துக்காட்டு. வெப்பமூட்டி பழுதாகி, வீட்டு உரிமையாளர் கண்டுகொள்ளாத கட்டடத்தில் இருப்பவர், மற்ற எல்லா வகையிலும் நன்றாகத் தூங்கினாலும் இதற்குக் கூடுதல் மதிப்பெண் பெறுவார். அந்த மதிப்பெண் பிள்ளையைப் பற்றியதா, கட்டடத்தைப் பற்றியதா? மூன்றாம் படியைத் தாண்டாத கருவியைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளின் சராசரியையும் வசதியான பிள்ளைகளின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, மீட்டரில் அளந்த துணியையும் முழத்தில் அளந்த துணியையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடுவதற்குச் சமம்.

நடுத்தர வர்க்கத்து வெள்ளையினப் பிள்ளைகளிடம் செம்மைப்படுத்தப்பட்ட அளவுகோல்களை, கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவரும் குறைந்த வருமானக் குடும்பத்தினரும் மிகுந்த பள்ளிகளில் மறுபடி சோதிக்கும் ஆய்வுகள் இந்தக் காரணத்தால்தான் தேவைப்படுகின்றன. அத்தகைய மறுசோதனையில், 28 கூற்றுகளில் சில எதிர்பார்த்த கொத்தில் சேராமல் தனித்து நின்றால், அவற்றை நீக்கிச் சுருக்கமான வடிவம் ஒன்றை உருவாக்குவது வழக்கம். மேற்சொன்ன தூக்க-விழிப்பு அளவுகோலுக்கே 10 கூற்றுகள் கொண்ட குறுவடிவம் 2015-இல் வந்தது. நீக்குவது வசதிதான். ஆனால் பொருந்தாத கேள்வியை நீக்கிவிடுவதைக் காட்டிலும், அது ஏன் அந்தப் பிள்ளைகளிடம் பொருந்தவில்லை என்று அவர்களிடமே உட்கார்ந்து கேட்பதில் கிடைக்கும் அறிவு பெரிது என்பது என் எண்ணம். வினாநிரலை உரக்கப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு கேள்வியையும் என்னவென்று புரிந்துகொண்டு விடையளித்தார்கள் என்று விளக்கச் சொல்லும் நேர்காணல் முறை இதற்கென்றே இருக்கிறது. மொழிபெயர்க்கும்போது, ஒருவர் பெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி மூலமொழிக்குப் பெயர்த்துச் சரிபார்ப்பதும் உண்டு. சொல் சரியாக வந்துவிட்டதா என்பதை அது காட்டும், அந்தச் சொல்லுக்குரிய கட்டில் அந்த வீட்டில் இருக்கிறதா என்பதைக் காட்டாது.

பெற்றோரைக் கேட்பது இன்னொரு வழி. சிறு குழந்தைகளுக்கு அது பொருத்தமானது. பதின்வயதினருக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. கதவு மூடியதும் பிள்ளை தூங்கிவிட்டதாகப் பெற்றோர் எண்ணிக்கொள்வதால், நாட்குறிப்பும் மணிக்கட்டுக் கருவியும் காட்டுவதைவிடப் பிள்ளைகள் அதிக நேரம் தூங்குவதாகவே அவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

கருவியின் பதிவும் பிள்ளையின் சொல்லும் பெரும்பாலும் முழுதாக ஒத்துப்போவதில்லை. தொடக்கநிலை வாசகர் உடனே கேட்கும் கேள்வி, எது சரி என்பது. இரண்டும் வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன என்பதே விடை. கருவி உடலின் அசைவை எண்ணுகிறது. சொல், அந்த இரவு எப்படி உணரப்பட்டது என்பதைத் தாங்கி வருகிறது. பாதுகாப்பற்ற தெருவில், அரைக்காது வெளியே வைத்துத் தூங்கும் பழக்கம் உள்ளவருக்கு அசைவு குறைவாக இருக்கலாம், ஓய்வும் குறைவாக இருக்கலாம். ஃபோர்டம் பல்கலைக்கழகத்தின் டிஃபனி யிப் குழுவினர் ஆசிய, கறுப்பின, லத்தீன் அமெரிக்க வழிவந்த பிள்ளைகளிடம் மணிக்கட்டுக் கருவியையும் அன்றாடக் குறிப்புகளையும் சேர்த்தே பயன்படுத்தி, இனப் பாகுபாட்டு அனுபவங்கள் மோசமான தூக்கத்தோடு தொடர்புறுவதைக் காட்டினார்கள். அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் பக்கால்ட்டும் மோனா எல்-ஷேக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு, தூக்கம் நன்றாக இருந்தபோது அறிவுத்திறன் சோதனைகளில் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை, தூக்கம் கெட்டபோது வேறுபாடு தெரிந்தது என்றது. இத்தகைய முடிவுக்கு வர, தூக்கத்தை இரு குழுவிலும் ஒரே அளவுகோலால் அளந்திருக்க வேண்டும் என்பதை நினைவில் கொண்டால், மாறாமை பற்றி மேலே இவ்வளவு நீட்டிப் பேசியதன் காரணம் புரியும்.

அளவீடு நன்றாக அமைந்தால் என்ன தெரியவரும் என்பதற்குச் சியாட்டில் ஓர் எடுத்துக்காட்டு. அந்நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தைக் காலை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றியது. மாற்றத்துக்கு முந்தைய வசந்தத்திலும் பிந்தைய வசந்தத்திலும் இரண்டு பள்ளிகளின் மாணவருக்கு வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டுக் கருவி கட்டி, இரு வாரங்கள் பதிவுசெய்தார்கள். பள்ளி நாள் இரவுத் தூக்கத்தின் இடைநிலை அளவு 6 மணி 50 நிமிடத்திலிருந்து 7 மணி 24 நிமிடமாக, அதாவது 34 நிமிடம் கூடியது. தாமதமாக எழலாம் என்பதற்காகப் பிள்ளைகள் தாமதமாகத் தூங்கிவிடவில்லை. இரு பள்ளிகளில் பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர் மிகுந்த ஃபிராங்க்ளின் பள்ளியில் வருகைப் பதிவும் மேம்பட்டது, தாமத வருகையும் குறைந்தது; வசதியான பிள்ளைகள் மிகுந்த ரூஸ்வெல்ட் பள்ளியில் அந்த மாற்றம் தெரியவில்லை. ஒரே 55 நிமிடம் இரண்டு பள்ளிகளில் இரண்டு விதமாகப் பயன்பட்டிருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2019-இல் இயற்றி 2022 ஜூலை முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்கிறது.

நேரம் கூடினால் போதுமா என்ற கேள்விக்குச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. அது பெரியவர்களைப் பற்றியது என்றாலும், ஏழ்மைக்கும் தூக்கத் தரத்துக்கும் உள்ள தொடர்பைக் கருவி கொண்டு அளந்ததால் இங்கே பொருந்தும். பொருளியலாளர்கள் பெஸ்ஸோனே, ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்டு, டோமா ஆகியோர் குறைந்த வருமானம் கொண்ட 452 பேருக்குத் தரவுப் பதிவு வேலை தந்து, மணிக்கட்டுக் கருவியும் கட்டிப் பார்த்து, 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் இரவில் படுக்கையில் கழித்தது ஏறத்தாழ 8 மணி நேரம், தூங்கியது ஐந்தரை மணி நேரம் அளவே. தூக்கத் திறன் 70 விழுக்காடு. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தால், நிறைவாகத் தூங்குபவர்கள் என்றே அவர்களை எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். கண் மறைப்பு, காதடைப்பான், மெத்தை, மின்விசிறி போன்ற பொருள்களும் ஆலோசனையும் ஊக்கத்தொகையும் தந்ததில் இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. ஆனால் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் கூட்டியதால் வந்த கூடுதல் அது, தூக்கத் திறன் மாறவில்லை, வேலைத்திறனிலும் நலத்திலும் குறிப்பிடத்தக்க மேம்பாடு தெரியவில்லை. அதே ஆய்வில், வேலையிடத்தில் அமைதியான ஓரிடம் ஒதுக்கி, மதியம் அரை மணி நேரம் தூங்க அனுமதித்தபோது வேலைத்திறன், மனநலம் இரண்டும் மேம்பட்டன. புழுக்கத்திலும் கொசுக்கடியிலும் துண்டு துண்டாகக் கிடைக்கும் தூக்கத்தில் இன்னும் 27 நிமிடம் சேர்ப்பதும், இடையூறில்லாத இடத்தில் மதியம் சிறிது நேரம் கண்ணயர்வதும் ஒன்றாக இல்லாமல் போனதற்கு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்த காரணங்களுள், வீட்டுத் தூக்கத்தின் தரமும் ஒன்று.